ஞானப்பூ அம்மாள் ஏறிய விமானம்

ஜூலை 1, திங்கள்

முதலில் மன்னிப்பு. டைரி எழுதும் அளவுக்கு என்னிடம் விஷயம் ஒன்றும் இல்லை. டைரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்காக எங்கள் அச்சகத்தில் போட்டது இது. அட்டையில் 'சங்கம்' என்பது 'சங்கடம்' என்று விழுந்துவிட்டது. நூறு டைரியும் திரும்பி வந்தன. முதலாளி முத்துராஜ் அண்ணாச்சி திட்டவில்லை. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கோங்க என்றார். திட்டியிருக்கலாம்.

விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். தட்டியது நான்தான்.

முதல் பக்கத்தில் சொந்த விவரம் நிரப்பக் கட்டங்கள் இருந்தன. பெயர்: பேச்சிக்கனி. வயது: 23. படிப்பு: பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் இந்தக் கட்டத்தை நிரப்பக்கூடிய முதல் ஆள் நான். தொழில்: அச்சகத்தில் கணினி வேலை, வண்ணார்பேட்டை. வாகன எண்: கோடு போட்டுவிட்டேன். பொழுதுபோக்கு என்று கட்டம் இல்லை. நல்லதாயிற்று. மறந்துபோன விமானங்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது என்று எழுதினால், படிக்கிறவர்கள் அட்டையிலிருக்கும் எழுத்துப் பிழையைவிட அதற்குத்தான் அதிகம் சிரிப்பார்கள்.

நான் கண்டுபிடிப்பதும் இல்லை. கண்டுபிடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 3, புதன்

இன்று ஜெசிந்தா டீச்சர் ஒரு பழைய ஆல்பத்துடன் வந்தார். அவர் அம்மா ஞானப்பூ அம்மாள் இறந்து ஓர் ஆண்டு ஆகப் போகிறது. இருபத்தெட்டாம் தேதி நினைவு ஆராதனை. அன்று கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும், முப்பத்தெட்டுப் படங்கள். ஆல்பத்தைக் கடையில் விட்டுப் போக மனமில்லாமல், ஒவ்வொரு படத்தையும் நான் ஸ்கேன் செய்யும்வரை பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினேழாவது படத்தில் கை நின்றுவிட்டது. ஒரு விமானத்தின் மூக்கும் முன்விசிறியும் ஒரு காலும். எழுத்தோ எண்ணோ படத்துக்குள் இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், சட்டையின் கையை மடித்துவிட்டு நிற்கிறார். அவருக்கு இப்பால் ஒரு பெண், பதினெட்டு வயதிருக்கும். அவருடைய கோட்டைப் போர்வை மாதிரி தோளில் சுற்றியிருக்கிறாள். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய்.

அதுதான் அம்மா என்றார் டீச்சர். 1956. கயத்தாற்றில் யுத்த காலத்துப் பழைய விமானத் தளத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் தன் சொந்த விமானத்தோடு வந்து ஒரு வாரம் தங்கினாராம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து பெண்களைப் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். யாராவது ஏறுகிறீர்களா என்று அவர் கேட்டபோது, ஞானப்பூ அம்மாள் ஒருவர்தான் கை தூக்கினாராம். பத்து நிமிடம் பறந்ததாகச் சொல்வாராம்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அம்மா ஆட்டோவில் ஏறினால்கூட, "வழி விடுங்க, அம்மா ஏரோப்ளேன் ஏறப் போறா" என்பார்களாம். கடைசிப் பத்து வருடம் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மலருக்கு டீச்சர் எழுதிக்கொண்டு வந்த வாழ்க்கைக் குறிப்பில் "1956இல் கயத்தாற்றில் விமானத்தில் பறந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. பெரிய அண்ணன் எட்வின் அந்த வரியை எடுக்கச் சொல்கிறாராம்.

எனக்குச் சில பேரைத் தெரியும், அது என்ன விமானம் என்று சொல்வார்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கீறல்களைத் துடைத்து, படங்களைப் பக்கங்களில் வைத்து, முகங்களை உள்பக்கம் திருப்பிச் சேமித்து முடிக்க ஐந்து மணி ஆயிற்று. அண்ணாச்சியின் விதி அது. இடப்பக்கத்தில் வரும் முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலப்பக்கத்தில் வரும் முகம் இடப்பக்கம். வெளியே பார்த்தால் ஆள் பக்கத்தை விட்டு இறங்கிப் போகிற மாதிரி இருக்கும் என்பார்.

ஜூலை 4, வியாழன்

போனில் நான் இருக்கும் விமானக் குழுவில் படத்தைப் போட்டேன். ஒன்றரை வருடத்தில் நான் அங்கே எழுதியவை இரண்டு 'நன்றி' மட்டும்.

குழுவின் பெயர் 'வாலைப் பார்த்துச் சொல்'. சென்னை, யாழ்ப்பாணம், ஷார்ஜா, சிங்கப்பூர் என்று இருநூற்று நாற்பது பேர். யாராவது ஒரு படம் போடுவார்கள். நாலு விமானம் மட்டும் கட்டி நின்றுபோன கம்பெனி, ஒரே ஒரு முறை பறந்து எல்லோரும் மறந்துபோன மாடல், இப்படி. மற்றவர்கள் பெயர் சொல்ல வேண்டும். கல்லூரியில் மூன்றாம் வருடம் கருத்தரங்குக்குப் படம் தேடியபோது உள்ளே வந்தேன். வெளியே போகவில்லை.

காரணம் ரெஜினா மச்சாடோ. தூத்துக்குடிக்காரர். உப்பளத்து எடைமேடையில் வேலை. லாரி ஏறி இறங்கும் இடைவெளியில் எழுதுவார். போன மாதம் ஊட்டியிலிருந்து ஒருவர் கோழிக்கூண்டின் படம் போட்டார். அதன் கூரை ஏதோ விமானத்தின் இறக்கைத் துண்டு. ரெஜினா அக்கா, கூரைமேல் நின்ற கோழியை அளவுகோலாக வைத்து இறக்கை எலும்புகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, பெயர் சொல்லி, கட்டிய வருடமும் சொன்னார். கடைசியில், "கோழி நாட்டுக்கோழி என்று எடுத்துக்கொண்டேன். பிராய்லர் என்றால் கணக்கு மாறும்" என்று எழுதியிருந்தார். அதை நான் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கால். பிறகு வயிறு. பிறகு வால். முகம் கடைசியில்தான்; முகம் பழகிய ஆள் மாதிரி காட்டி ஏமாற்றும் என்பார்.

ஜூலை 5, வெள்ளி

ரெஜினா அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். படம் அசல் பிரதியிலிருந்து எடுத்ததுதானா, நடுவில் யாரும் கை வைக்கவில்லையே? நானே ஸ்கேன் செய்தேன் அக்கா என்று பதில் போட்டேன். அவர் கட்டைவிரல் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே சாம்பாரை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

ஜூலை 6, சனி

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"முதலில் கால். இந்தச் சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் கம்பி போகவில்லை, கால் தனியாக முட்டி மடக்கி நிற்கிறது. வயிறு தட்டை. வால் தெரியவில்லை. இது ஹாலிஸ்டன். இங்கிலாந்தில் மாட்டுத் தீவன ஆலை வைத்திருந்த அண்ணன் தம்பிகள் கட்டியது. இரண்டு வகை உண்டு. ஹாலிஸ்டன் ஒன்று, அமெரிக்க மோட்டார், ஒரே இருக்கை. ஹாலிஸ்டன் இரண்டு, இங்கிலாந்து மோட்டார், இரண்டு இருக்கை, நாலே நாலு கட்டினார்கள். மூக்கு மட்டும் தெரிந்தால் இரண்டையும் பிரிக்க ஒரு வழிதான். இரண்டு மோட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றுபவை. ஆகவே விசிறி இதழின் முறுக்கும் புகைக்குழாயும் ஒன்றில் வலம், மற்றதில் இடம். இந்தப் படத்தில் புகைக்குழாய் விமானத்தின் வலப்பக்கம். ஹாலிஸ்டன் ஒன்று. ஓட்டுபவரைத் தவிர இன்னொருவருக்கு இடமில்லை. கனி, அந்த அம்மா பறந்திருக்க முடியாது. வருத்தமாக இருக்கிறது."

மூக்கும் ஒரு காலும் தெரிகிற படம். இவ்வளவையும் அதிலிருந்து எடுக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் புகைக்குழாய் இருந்தது. மூன்று நாளாக நானும் அந்தப் படத்தைத்தானே பார்க்கிறேன், எனக்கு அது கறை மாதிரிதான் தெரிந்தது.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

டீச்சர் புரூஃப் பார்க்க வந்தார். சொன்னேன். ஒரு இருக்கைதான் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன், மீதியை அவரே புரிந்துகொண்டார்.

"சரிம்மா. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்" என்றார். வகுப்பில் கடைசி மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற குரல். அந்தப் பிள்ளை நானா அவரா என்று தெரியவில்லை.

பிறகு புரூஃபில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அம்மா அம்மா மாதிரியே இல்லியே" என்றார். கீறலைத் துடைத்ததில் முகம் தெளிந்திருக்கிறது என்று அண்ணாச்சி விளக்கினார். டீச்சர் தலையாட்டினார், ஆனாலும் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தள்ளிப் பிடித்தார்.

ஜூலை 9, செவ்வாய்

எட்வின் சார் வந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, புரூஃபில் அந்தப் படத்துக்குக் கீழே வந்த 'பறந்தார்' வரியை அடித்தார். அடிப்பதற்கு அடிக்கோல் கேட்டு வாங்கினார்.

கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் சோறு ஊட்டியது அவர்தான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "எங்க அம்மா எவ்வளவோ செஞ்சிருக்காங்கம்மா. எழுநூறு பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்க படத்துக்குக் கீழ பொய்ய வச்சு அச்சடிக்கணுமா?" என்று கேட்டார். படத்துக்குக் கீழே 'விமானத்தைப் பார்வையிட்டபோது' என்று போடச் சொன்னார். தட்டினேன்.

அச்சடிக்க இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி அச்சுக்குப் போகிறது.

ஜூலை 11, வியாழன்

என் அம்மாவுக்கு இந்த வாரம் காஜா வேலை அதிகம். தையற்கடையிலிருந்து சட்டைகள் வரும். பட்டன் துளைக்கு நூல் சுற்றி, பட்டன் வைத்துத் தர வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் கூட உட்கார்ந்து செய்வேன். இன்று மாலையும் செய்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது போனில் அந்தப் படம் திறந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விமானம் என்றால் வீட்டுக்குமேல் போகிற சத்தம்.

"யாருட்டி இந்த ஆளு, பொம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கான்?"

என்ன சொல்கிறாய் என்றேன். அம்மா ஊசியாலேயே காட்டினாள். "காஜா வலப்பக்கம் இருக்கு பாரு. ஆம்பளச் சட்டைன்னா எடப்பக்கம்லா இருக்கணும். ஜோப்பும் வலப்பக்கம். வெள்ளைக்காரன் ஊருல இப்படித்தான் போடுவானோ என்னமோ."

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டைகூட முடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

படம் இடம் வலமாக மாறியிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் யாரோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

ஜூலை 13, சனி

பகல் முழுக்கத் தூறல். கல்யாணப் பத்திரிகை நாலு, ஒரு கடைத் திறப்பு நோட்டீஸ். மத்தியானம் எலுமிச்சை சாதம். ரேஷன் கடையில் வரிசை. ரெஜினா அக்கா குழுவில் ஒரு கடல் விமானத்தை மிதவையின் ஆணி வரிசையை வைத்துக் கண்டுபிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

யாரோ இல்லை.

அந்தப் படம் மலரில் ஆறாம் பக்கம். இடப்பக்கம். ஞானப்பூ அம்மாள் இடப்பக்கம் பார்த்து நின்றிருக்கிறார், அதாவது பக்கத்துக்கு வெளியே. விதிப்படி திருப்பினேன். அதே பெயரில் சேமித்தேன். முப்பத்தெட்டுப் படத்தில் பதினொன்றைத் திருப்பினேன், கை தானாகச் செய்யும், மூச்சு விடுவது போல. மறுநாள் அந்தக் கோப்பைத்தான் குழுவில் போட்டேன். யாரும் கை வைக்கவில்லையே என்று ரெஜினா அக்கா கேட்டார். நானே ஸ்கேன் செய்தேன் என்றேன். அது பொய்யில்லை. அதற்காகத்தான் இத்தனை நாளாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். அம்மா காட்டிய ஊசியைப் படத்திலிருந்து எடுப்பதற்குள் தெரிந்துவிட்டது.

புகைக்குழாய் இடப்பக்கம் என்றால் அது ஹாலிஸ்டன் இரண்டு. இரண்டு இருக்கை. ஒரு வருடத்துக்கு முன் இறந்துபோன ஓர் அம்மாவைப் பொய்க்காரி என்று கணினி மவுஸின் ஒரு சொடுக்கில் ஆக்கியிருக்கிறேன். அவர் பிள்ளைகள் கேலியாகச் சொன்னதை நான் ஆதாரத்தோடு சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

காலையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மேசையில் இருந்த பசைப் புட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.

"ஏ பிள்ள, படத்தத் திருப்பி வச்சிரு. முடிஞ்சுது. குழுவுல போய் நாமளே தண்டோரா போடணுமா? கடை பேரும்லா சேந்து வரும்."

கடை பேரைச் சொல்ல மாட்டேன், என் பேரைத்தான் சொல்வேன் என்றேன். டீச்சரிடம் போய் அசல் படத்தைப் பார்க்க வேண்டும், அந்த வரியை அடித்திருக்கிறார்கள், அது என்னால் அடிபட்டது என்றேன். அண்ணாச்சியிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் என்னைவிட்டு, எனக்குப் பின்னாலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"திருப்பச் சொல்லி விதி போட்டது நாந்தான். அதையும் சேத்துச் சொல்லு. நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்பு."

ஜூலை 16, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்குப் போக முருகன்குறிச்சியில் இறங்கி, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தேன். டீச்சர் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தார். கதவைத் திறந்ததும் மனப்பாடம் மறந்துவிட்டது. "டீச்சர், படத்தத் திருப்பினது நான்தான்" என்று தொடங்கிவிட்டேன். முன்கதை எதுவும் இல்லாமல். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்ல வைத்தார்.

ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அசலில் ஜோப்பு இடப்பக்கம் இருந்தது. காஜா இடப்பக்கம். புகைக்குழாயும் இடப்பக்கம். விசிறி இதழ் மறுபக்கம் முறுக்கியிருந்தது. இவ்வளவு பெரிய விசிறியை நான் பார்க்கவில்லை, என் அம்மா ஒரு பட்டன் துளையைப் பார்த்தாள்.

டீச்சர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கே சொன்னேன், அம்மா மாதிரி இல்லன்னு" என்றார். கோபமாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "இதான் எங்க அம்மா" என்றார். அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன். அசலைப் போனில் எடுத்துப் போட்டேன். "நான்காம் தேதி போட்ட படம் இடம் வலம் மாறியது. மாற்றியது நான். ரெஜினா அக்கா கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னேன். தெரிந்த பிறகும் ஐந்து நாள் சொல்லவில்லை. கண்டுபிடித்தது என் அம்மா, சட்டையின் காஜாவை வைத்து." அனுப்பிவிட்டு டீச்சரிடம் போனைக் கொடுத்து, நீங்களே பாருங்கள், என்னால் பார்க்க முடியாது என்றேன்.

முதலில் ஷார்ஜா மணியன் எழுதினார். அவர் எப்போதும் ரெஜினா அக்காவை ஒரு முறையாவது மடக்கக் காத்திருப்பவர். "ஆக, பத்து நாளாக நம் ராணி கண்ணாடிக்குள் இருந்த விமானத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்." நாலு பேர் சிரித்திருந்தார்கள். டீச்சர் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அடி என்மேல் விழுந்திருந்தால் பரவாயில்லை.

ரெஜினா அக்கா பதில் எழுதவில்லை.

ஜூலை 17, புதன்

எழுதினார். காலை ஆறே முக்காலுக்கு.

"என் ஆறாம் தேதிப் பதில் தவறு. படம் தவறு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். சட்டைப் பை அந்தப் படத்திலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்களை வெட்டிவிட்டுத்தான் பார்ப்பது என் பழக்கம். இனி இல்லை. இது ஹாலிஸ்டன் இரண்டு. முன்னால் பயணிக்கு, பின்னால் ஓட்டுபவருக்கு என்று இரண்டு இருக்கை. கட்டிய நாலில் ஒன்று கயத்தாறு வரை வந்திருக்கிறது என்பது இதுவரை நம் பட்டியலில் இல்லாத செய்தி. பட்டியலில் சேர்க்கிறேன். அடையாளம் கண்டவர்: பேச்சிக்கனியின் அம்மா. மணியன் சார், கண்ணாடிக்குள் இருந்த விமானத்துக்கு நான் சொன்ன பெயர் சரிதான் என்பதையும் குறித்துக்கொள்ளவும்."

மணியன் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டார்.

ஆறு வரியில் எப்படித் தவறை ஒத்துக்கொள்வது என்று பி.எஸ்சி.யில் சொல்லித் தரவில்லை. அவர் செய்யாத தவறையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அவருக்கு ஒரு ராத்திரி, அதிலும் லாரி வந்திருக்கும்.

மத்தியானம் எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி. அவர் குரலை முதல் முறை கேட்டேன். பின்னால் லாரி ஹார்ன். "ஏ கனி, அழுதியாடி? அழாத. காஜா எந்தப் பக்கம்னு அம்மாட்ட கேட்டு எனக்கு இன்னொரு தடவ சொல்லு. பனியன் போட்டவன் நின்னா என்ன செய்யன்னும் கேளு." அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பனியனென்றால் தையல் ஓரத்தைப் பார்க்கச் சொல் என்றாள், வெகு தீவிரமாக.

ஜூலை 19, வெள்ளி

எட்வின் சாரும் டீச்சரும் சேர்ந்து வந்தார்கள். சார் அசல் படம், ரெஜினா அக்காவின் பதிலின் அச்சுப்படி, சிவப்புப் பேனா எல்லாம் கொண்டுவந்திருந்தார். பொறியாளர் அல்லவா, விசிறி முறுக்கு எப்படிப் பக்கம் மாறும் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். அச்சகத்து மேசை விசிறியை நிறுத்தி, இதழைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டார். ஆனால் உட்காரவில்லை.

"ரெண்டு சீட்டு இருந்துதுன்னுதான் ஆகுது. அம்மா உக்காந்தாங்கன்னு ஆகலியே" என்றார்.

சரிதான். அதை நானும் நினைத்திருந்தேன். டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்.

"ஆகல அண்ணே. ஆனா சீட்டு இல்லன்னு சொல்லித்தான நீ அந்த வரிய அடிச்ச? அதுக்கு முந்தி, பிள்ளைக நாம நாலு பேரும் எதுக்கு அவங்களப் பாத்துச் சிரிச்சோம்? அப்ப நமக்குச் சீட்டும் தெரியாது, விசிறியும் தெரியாது."

சார் புரூஃபை எடுத்து ஆறாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் அடிக்கோல் வைத்து அடித்த சிவப்புக் கோடு. அடித்ததைத் திரும்ப வைக்க என்ன செய்ய வேண்டும், மறுபடி மேலே எழுதணுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அடித்த எழுத்துகளுக்குக் கீழே புள்ளி வைத்தால் போதும். அடித்தது செல்லாது, இருந்தது இருக்கட்டும் என்று பொருள்.

அவர் உட்கார்ந்தார். '1956இல்' என்பதில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒரு புள்ளி வைத்தார். நாலு இடத்தில் வைத்தாலே போதும் சார் என்று அண்ணாச்சி சொன்னார். அவர் நிறுத்தவில்லை. 'பறந்தார்' வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீதிப் புள்ளிகளை வைத்தார்.

ஜூலை 22, திங்கள்

அச்சு. திருப்பாத படம் இடப்பக்கத்தில் வெளியே பார்த்தது. அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. கடைசியில், "படத்தத் தொடாத. பக்கத்த மாத்து" என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது அது ஏழாம் பக்கம். 'விமானத்தைப் பார்வையிட்டபோது' என்பதை எடுத்துவிட்டு, 'ஹாலிஸ்டன் இரண்டு விமானத்தின் அருகில், கயத்தாறு, 1956' என்று போட்டேன். மூன்று முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். கடைசி வரிசை. முந்நூறு மலர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஏழாம் பக்கத்தில் புரட்டுவதை நிறுத்தி, தன் மகளிடம் படத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். மகள் மலரைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் எட்வின் சார் எனக்குத் தானே வந்து குழம்பு ஊற்றினார். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன வேணும், தயங்காமக் கேளும்மா என்றார். ஒன்றும் வேண்டாம் டீச்சர் என்றேன். வேண்டியது ஒன்று இருந்தது. இலைக்கு முன்னால், அத்தனை பேருக்கு நடுவில், வாய் வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

டீச்சருக்கு எழுதுகிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு போனில் அனுப்புவேன்.

அன்புள்ள டீச்சர், மலர் நன்றாக வந்ததாகச் சொன்னீர்கள், நன்றி. ரெஜினா அக்காவுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பிவிட்டேன். அன்று என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். இந்த ஒரு மாதம் நாங்கள் கால், வயிறு, விசிறி, புகைக்குழாய் எல்லாம் பார்த்தோம். இருக்கையை எண்ணினோம். உங்கள் வீட்டில் பறந்தாரா இல்லையா என்று பேசினீர்கள். எனக்கு வேறு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், மூன்றாம் தேதியே கேட்க நினைத்து வைத்திருந்தேன். நான் விமானத்தில் ஏறியதில்லை, எங்கள் வீட்டில் யாரும் ஏறியதில்லை. அந்தப் பத்து நிமிடம் மேலேயிருந்து கீழே பார்த்தபோது என்ன தெரிந்தது என்று அம்மா எப்போதாவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருந்தால், அவர்கள் சொன்ன அதே வார்த்தைகளில் எனக்கு ஒரு முறை சொல்வீர்களா?